சத்தத்துக்கும் ஒரு சாப்பாட்டு வேளை

அத்தியாயம் 14

அக்காவும் தம்பியும் பேசி இன்றோடு இருபத்து மூன்று நாள் ஆகிறது. முதல் வாரத்திலிருந்து கூட வருகிறவர்களுக்குக் காரணம் தெரியும். வழியில் ஏறிக்கொண்டவர்களுக்காக நாலு வரி.

துறைமுகத்துக்குச் சரக்கு ரயில் போக ஒரு புதிய பாதை போடப் போகிறார்கள். அது தம்பி வீட்டுக் கொல்லைச் சுவரிலிருந்து நாற்பது மீட்டர் தள்ளிப் போகிறது. அந்தத் திட்டத்தின் சுற்றுச்சூழல் ஆலோசகர் வேறு யாருமில்லை, கூடப் பிறந்த அக்காதான். "நீ நினைச்சா அந்தக் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியாதா?" என்று தம்பி கேட்டான். "அது நான் போட்ட கோடு இல்லடா" என்று அக்கா சொன்னாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பட்டறைக்குள் போனவன்தான். அன்றிலிருந்து போன் இல்லை, பேச்சு இல்லை.

அக்காவுக்கு வீட்டில் ஒரு பட்டப்பெயர் உண்டு: அளவுக்காரி. ஏழு வயதில், தனக்கும் தம்பிக்கும் கொடுத்த ஒற்றை ரொட்டியை ஸ்கேல் வைத்துப் பாதியாக்கியவள். அந்த ஸ்கேல் இன்னும் அவள் கையை விட்டுப் போகவில்லை. பாதை போடுகிறவர்கள் எந்த ஓடையைத் தொடுகிறார்கள், எத்தனை மரம் சாய்கிறது, யார் வீட்டு ஜன்னலில் தூசி படியும் என்று முன்கூட்டியே அளந்து சொல்வதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவள் உத்தியோகம்.

அன்று காலை எட்டரை மணிக்கே அவள் மூன்றாம் மாடி அலுவலகத்தில் இருந்தாள். சுவர் நீளத்துக்கு ஒட்டிய வரைபடத்தில் முப்பத்தொரு கிலோமீட்டர் பாதை சிவப்பாக ஓடியது. ஓரத்தில் டேப் கழன்று காகிதம் சுருண்டிருந்தது. அதை அழுத்தி ஒட்டினாள். கையை எடுத்ததும் அது மறுபடி சுருண்டுகொண்டது.

அறிக்கை மாலை ஐந்து மணிக்குள் போயாக வேண்டும். பதினாறு பகுதிகள். நீர், மண், தூசி, பறவை, மரம் என்று பதினைந்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. பாக்கி இருந்தது சத்தம்.

சத்தத்தை அளப்பது பெரிய வித்தையில்லை. பாதை நெடுக பன்னிரண்டு இடத்தில் மூன்று கால் தாங்கியின் மேல் ஒரு கருவியை நிறுத்தி, ஏழு நாள் விட்டுவிடுவார்கள். இப்போது அந்த இடத்தில் எவ்வளவு சத்தம், ரயில் வந்தால் எவ்வளவு கூடும் என்பதுதான் கணக்கு. நிறையக் கூடுமென்றால் அந்த இடத்தில் பாதை ஓரமாகத் தடுப்புச் சுவர் எழுப்பச் சொல்லி அறிக்கை எழுதுவார்கள். கொஞ்சம்தான் கூடும் என்றால் சுவர் கிடையாது.

ஏழாம் எண் கருவி நின்றது தம்பி வீட்டுக் கொல்லையில். அப்படி நிற்க வேண்டியதே இல்லை. தெருக்கோடியில் ஒருவர் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். கருவி வைக்கப் போன அன்று அவர் வீடு பூட்டிக் கிடந்தது. கருவிக்காரர் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு அக்காவுக்குப் போன் செய்தார். அப்போது அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டிருந்த காலம். "கேட்டைத் திறந்து விடுடா, ஒரு வாரம்தான்" என்றாள். அவனும் திறந்து விட்டான்.

பிறகு சண்டை வந்தது. தம்பி வீட்டு எண்ணில் தன் கை படக் கூடாது என்று அளவுக்காரிக்கு ஒரு வைராக்கியம். கணக்குப் போடும் பெண்ணிடம், "ஏழாவதை நீயே பாத்து முடிச்சிடும்மா, நான் தொடலை" என்று ஒதுங்கிக்கொண்டாள். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தால் வந்த வினைகளை எழுதத்தானே நாம் வாரா வாரம் உட்காருகிறோம்.

இன்று கடைசிக் கையெழுத்துக்காக அந்தப் பக்கத்தைத் திறந்தாள். ஆறாம் இடத்தில் பகல் சராசரி நாற்பத்தெட்டு டெசிபல். எட்டாம் இடத்தில் நாற்பத்தொன்பது. ஏழாம் இடத்தில் எழுபத்தொன்று.

அதற்கு எதிரே கடைசிக் கட்டத்தில் எழுதியிருந்தது: தடுப்புச் சுவர் தேவையில்லை.

நாற்பத்திரண்டு வீடுகள் உள்ள தெரு அது. காலையில் பால் வண்டியும் மாலையில் சைக்கிள்களும் தவிர அங்கே என்ன போகிறது? எழுபத்தொன்று எங்கிருந்து வந்தது? அவள் வரைகோட்டைத் திறந்தாள்.

காலை எட்டு மணிக்குக் கோடு விசுக்கென்று எழுந்தது. எழுபத்துநாலில் போய் உட்கார்ந்தது. ஒரு மணி வரை அசையவில்லை. ஒரு மணிக்குப் பொத்தென்று விழுந்தது. இரண்டு மணிக்கு மறுபடி எழுந்து, ஆறு மணிக்குப் படுத்தது. மறுநாளும் அதே. ஏழு நாளும் அதே. ஞாயிற்றுக்கிழமை கூட லீவு எடுக்கவில்லை.

சாலைக்குப் பசிக்காது. காற்றுக்குப் பசிக்காது. ஒரு மணிக்கு எழுந்து போய்ச் சாப்பிட்டு, கை கழுவி, இரண்டு மணிக்குத் திரும்பி வருகிற சத்தம் ஒன்றுதான் அந்தத் தெருவில் உண்டு. அதன் சொந்தக்காரனோடுதான் அவள் இருபத்து மூன்று நாளாகப் பேசவில்லை.

அளவுக்காரி அந்தப் பக்கத்தை அச்செடுத்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

*

தம்பி தச்சு வேலை செய்கிறவன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. நடுவில் மரத்தை இழைக்கிற மெஷின், ஓர் ஆள் படுக்கிற நீளம். அவள் போனபோது மெஷின் நின்றிருந்தது. அலமாரிக் கதவு ஒன்றுக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தான்.

நிமிர்ந்து பார்த்தான். அக்கா என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டான்.

"செருப்பைக் கழட்டாதே. ஆணி கிடக்கு" என்றான். இருபத்து மூன்று நாளுக்குப் பிறகு வந்த முதல் பேச்சு அது. உப்புச் சப்பில்லாத அந்த ஒரு வரிக்கே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. காட்டிக்கொள்ளாமல் காகிதத்தை எடுத்து மேஜைமேல் விரித்தாள்.

"இது என்னன்னு தெரியுதா?"

"ஏதோ படிக்கட்டு மாதிரி இருக்கு."

"உன் மெஷின்டா."

அவன் காதிலிருந்த பென்சிலை எடுத்து அந்தக் கோட்டின் மேல் ஓட்டிப் பார்த்தான். முகம் மெல்ல மலர்ந்தது. திருட்டுத்தனம் பிடிபட்டவன் முகமாக அது இல்லை. பரிசு வாங்கப் போகிறவன் முகமாக இருந்தது.

"கண்டுபிடிச்சிட்டியா? நானே சொல்லலாம்னுதான் இருந்தேன். நீதான் கோட்டைத் தள்ள முடியாதுன்னு கறாராப் பேசிட்டே. எனக்குக் கோவம் வந்துடுச்சு. இல்லேன்னா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

"என்ன பண்ணினே? முதல்லேர்ந்து சொல்லு."

"ஓட்டினேன். ஏழு நாளும் ஓட்டினேன். மரம் மூணாவது நாளே தீந்துபோச்சு. அப்புறம் சும்மாவே ஓட விட்டேன். சாப்பிடப் போறப்ப மட்டும் நிறுத்துவேன், சூடேறிடும்னு."

"எதுக்குடா?"

"உனக்கு ஒத்தாசையாத்தான். ஏற்கெனவே நிறைஞ்ச வண்டியில யாராவது மேல சுமை ஏத்துவாங்களா? இந்த இடத்துல சத்தம் தாங்க முடியலை, இதுக்கு மேல ரயிலும் விட்டா ஜனங்க செத்துடுவாங்கன்னு உன் அறிக்கையில வரும். பாதையை அந்தப் பக்கமாத் திருப்பிடுவாங்க. உன் மேலயும் பழி வராது. எப்படி?"

அவள் பக்கத்திலிருந்த பலகைக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

"நிறைஞ்ச குடத்துல ஒரு சொம்பு தண்ணி ஊத்தினா கணக்குல வருமாடா? காலிக் குடத்துல ஊத்தினாத்தான் தெரியும். இங்க ஏற்கெனவே எழுபத்தொண்ணு. ரயில் வந்தா எழுபத்தி ரெண்டரை. ஒண்ணரைதான் கூடுது. இவங்களுக்கு என்ன கஷ்டம்னு கணக்கு கேக்குது. சுவர் வேண்டாம்னு வந்துடுச்சு."

"எந்தச் சுவர்?"

"தடுப்புச் சுவர். உன் கொல்லையிலேர்ந்து தெருக்கோடி வரைக்கும் நாலு மீட்டர் உசரத்துக்கு வந்திருக்கணும். ஆறாம் இடத்துக்கு வருது. எட்டாம் இடத்துக்கு வருது. நடுவுல உன் தெருவுக்கு மட்டும் இல்லை."

தம்பி பென்சிலைக் காதில் செருகப் போனான். அது காதில் நிற்காமல் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை.

"அப்போ நான்..."

"சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டே. உனக்கு மட்டும் இல்லை, நாப்பத்திரண்டு வீட்டுக்கும் சேத்து."

பட்டறை வாசலில் நிழலாடியது. தம்பியின் மனைவி நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். நிரந்தர இரவு டியூட்டி. தம்பி அவளைச் செல்லமாக 'சிஸ்டர்' என்று கூப்பிடுவான். கட்டின பெண்டாட்டியை அப்படிக் கூப்பிடுகிற ஒரே புருஷன் இவன்தான் என்று வார்டே சிரிக்கும். காலை ஒன்பதுக்கு வந்து படுத்தவள், தலையெல்லாம் கலைந்து, ஒரு காதில் பஞ்சோடும் இன்னொரு காதுப் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டும் நின்றாள்.

"அந்த வாரம்தானா?" என்றாள் புருஷனைப் பார்த்து. "நீ களைச்சுப் போயிருக்கே, அம்மா வீட்டுல போய் ஏழு நாள் நல்லாத் தூங்குன்னு அனுப்பினீங்களே, அந்த வாரம்தானா?"

"சிஸ்டர், அது வந்து..."

"நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன். எங்க வீட்டுக்காரருக்கு என் மேல எவ்வளவு கரிசனம் பாருங்கன்னு."

அதற்கு மேல் அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அளவுக்காரி பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். கருவி வைக்கிற ஒவ்வொரு வீட்டிலும் வாங்க வேண்டிய உறுதிமொழித் தாள். அளக்கிற வாரத்தில் இந்த வீட்டில் எந்த மெஷினும் ஓட்டுவதில்லை என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். பதினோரு வீட்டில் வாங்கியிருந்தாள். கூடப் பிறந்தவனிடம் என்ன கையெழுத்து என்று இங்கே மட்டும் வாங்கவில்லை.

"மறுபடி அளக்கச் சொல்லப் போறேன். சம்மதிச்சாங்கன்னா ஏழு நாள் மெஷின் ஓடக் கூடாது. முன்னாடி என்ன நடந்ததுன்னும் எழுதிக் குடுக்கணும்."

"என் பேரைப் போட்டா?"

"உன் பேரைப் போட்டுத்தான். என் பேரையும் போட்டு."

"தெருவுல தலைகாட்ட முடியாதுக்கா."

"எனக்கும் ஆபீஸ்ல அதே கதிதான்."

அவன் கீழே கிடந்த பென்சிலை எடுத்தான். "பென்சில் செல்லாதுடா" என்று அவள் தன் பேனாவைக் கொடுத்தாள். அவன் தாளை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தான். வெட்டுவதற்கு முன் இரண்டு தடவை அளக்கிற பழக்கம் அவனுக்கும் உண்டு. பின்பக்கத்தில் நடந்ததை நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னான்:

"இந்தத் தாளை முதல்லயே குடுத்திருந்தா நான் ஓட்டியே இருக்க மாட்டேனே அக்கா."

அவளுக்குச் சுருக்கென்றது. அவன் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான்.

கேட் வரை வழியனுப்ப நர்ஸ் வந்தாள். கேட்டுக்கு வெளியே வந்து, பின்னால் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அண்ணி, அந்தக் கருவி சாதாரண நாள்ல என்ன காட்டும்?"

"இங்கயா? நாப்பத்தெட்டு, அம்பது."

"மெஷின் ஓடாத நாளைச் சொல்றீங்க. எனக்கு அப்படி ஒரு நாள் இல்லையே. அரை மணி ஓட்டுவார். நிறுத்துவார். நான் கண் அசருவேன். இன்னும் ரெண்டே பலகைன்னு மறுபடி ஓட்டுவார். ரயில் அடுத்த வருஷமோ அதுக்கடுத்த வருஷமோ வரப்போகுது. இது ஆறு வருஷமா இருக்கு."

"அவன்கிட்ட சொன்னியாம்மா?"

"சொன்னேன். பஞ்சு வாங்கிட்டு வந்து குடுத்தார்." சிரித்தாள். சிரிப்பில் உயிர் இல்லை. "வேற ஊர் ஆஸ்பத்திரிக்கு மாத்தல் கேட்டிருந்தேன் அண்ணி. பகல் டியூட்டி, தங்க குவார்ட்டர்ஸ். முந்தாநேத்து ஆர்டர் வந்துடுச்சு. ஒண்ணாம் தேதி சேரணும்."

அளவுக்காரியின் கண் பட்டறைப் பக்கம் போனது.

"அவர்கிட்ட நீங்க சொல்லிடாதீங்க. நானே சொல்லிக்கிறேன்."

"எப்போ சொல்லுவே?"

"மெஷின் நிக்கும்போது."

*

அலுவலகத்தில் குழுத் தலைவருக்கு 'அஞ்சு மணி' என்று பெயர். எதைக் கேட்டாலும் "அஞ்சு மணிக்குள்ள குடுத்துடுங்க" என்பார். பொல்லாதவர் இல்லை. இரண்டு பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, பேரப்பிள்ளைகள் படத்தை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிற மனிதர். அளவுக்காரி நின்றபடியே நாலு விஷயம் சொன்னாள். ஏழாம் எண் தவறு. அது ஒரு இழைப்பு மெஷினின் சத்தம். உறுதிமொழித் தாள் வாங்கவில்லை. அந்த வீட்டுக்காரன் என் தம்பி.

முதல் மூன்றுக்கும் தலையாட்டியவர் நாலாவதற்கு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தெரிஞ்ச வீடுன்னு சொன்னீங்க."

"தெரிஞ்ச வீடுதான். எவ்வளவு தெரியும்னு சொல்லலை. என் தப்பு."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மணி மூன்று பத்து.

"சரி, உக்காருங்க. யோசிப்போம். இப்போ பிரச்சினை என்ன? அந்தத் தெருவுக்குச் சுவர் வரணும். அவ்வளவுதானே? ஆறாவது நாப்பத்தெட்டு, எட்டாவது நாப்பத்தொம்பது. நடுவுல இதுக்கும் நாப்பத்தெட்டரைன்னு போடுவோம். 'ஏழாம் கருவி பழுது, பக்கத்து அளவுகள் எடுத்துக்கொள்ளப்பட்டன'ன்னு ஒரு வரி. சுவரும் வந்துடும், அஞ்சு மணிக்கு அறிக்கையும் போயிடும். உங்க தம்பி பேரு, உங்க பேரு எதுவும் வேண்டாம்."

அளவுக்காரி உட்கார்ந்தாள். பொய் சொல்லக்கூடாது என்று அவள் உடனே எழுந்து முழங்கினாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் அப்படிச் செய்யவில்லை. யோசித்தாள். நாற்பத்தெட்டரை என்பது பொய்யான எண் கூட இல்லை. மறுபடி அளந்தாலும் அதுதான் வரும். சுவர் வரும். தெரு தூங்கும். தம்பி தலை நிமிர்ந்து நடப்பான். தன் இருபத்திரண்டு வருஷப் பெயர் பத்திரமாக இருக்கும். ஒரே ஒரு வரி.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கருவிக்காரர் தன் மேஜையில் உட்கார்ந்து மைக்குகளுக்குப் பஞ்சுத் தொப்பி மாட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கருவியையும் வெளியே எடுத்துப் போகுமுன் சோதித்து, 'சரியாக இருக்கிறது' என்று தன் பெயரை எழுதி ஒட்டுகிறவர் அவர். பதினெட்டு வருஷத்தில் ஒரு கருவி பழுதென்று திரும்பி வந்ததில்லை. அதைச் சொல்லிச் சொல்லி எல்லோரையும் கொல்லுவார்.

"கருவி பழுதில்லை சார். அது கேட்டதைத்தான் எழுதுச்சு. பழுது நான்தான்."

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"அவர் சரின்னு சொல்லிடுவார். அதுதான் கஷ்டம். பொதுமக்கள் கூட்டத்துல யாராவது எழுந்து அந்த வரைகோட்டைக் காட்டுங்கன்னு கேட்டா? ஒரு கோடு சாப்பிடப் போய்ட்டு வர்றதை யார் பாத்தாலும் கண்டுபிடிச்சிடுவாங்க. அப்புறம் மத்த பதினோரு இடத்தையும் நம்ப மாட்டாங்க. அங்கயும் சுவர் இல்லாமப் போயிடும்."

அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு போனை எடுத்தார். மேலிடத்தில் பேசினார். நடுநடுவே "ஆமாங்க", "புரியுதுங்க", "அவங்களேதான் வந்து சொன்னாங்க" என்றார். போனை வைத்தபோது மணி நாலு.

"பத்து நாள் தவணை. கருவியை இன்னைக்கே வைக்கச் சொல்லிட்டேன். சாயங்காலம் சோதனை ஓட்டம், ராத்திரி பன்னண்டு மணிக்குக் கணக்கு ஆரம்பம். ஏழு நாள்ல ஒரு மணி நேரம் மெஷின் ஓடினாலும் அளவு செல்லாது. இன்னொரு தவணை கிடையாது. அப்போ எழுபத்தொண்ணுதான் நிக்கும்."

"சரி சார்."

"சத்தம் பகுதியை வெளியிலேர்ந்து ஒருத்தர் வந்து எழுதுவார். நாளைக் காலையில அவர்கிட்ட எல்லாத்தையும் ஒப்படைச்சிடுங்க. உங்க குறிப்பும் தம்பி எழுதினதும் அறிக்கையோட பின்னிணைப்பாப் போகும். எல்லாரும் படிப்பாங்க."

"படிக்கட்டும் சார்."

எழுந்து கதவு வரை வந்துவிட்டாள். பின்னாலிருந்து அவர் சொன்னார்: "மத்த பதினஞ்சு பகுதியும் உங்களதுதான். அதுல யாரும் கை வைக்க மாட்டாங்க."

அளவுக்காரி தன் இடத்துக்கு வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அந்தக் குறிப்பை எழுதினாள். ஒன்றரைப் பக்கம். 'என் தம்பி' என்ற இடத்தில் இரண்டு தடவை எழுதி அழித்தாள். மூன்றாம் தடவை அப்படியே விட்டாள். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியிருந்தது.

*

மாலை ஆறு மணிக்குக் கருவிக்காரர் போன் செய்தார். "வெச்சாச்சும்மா. உங்க தம்பி கருவிக்கு நிழலுக்குத் தகரம் வெட்டித் தரேன்னு கிளம்பினார். ஐயா சாமி, எதையும் வெட்டாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துட்டேன்."

வீட்டுக்கு வந்தவள் கூடத்தில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கருவி காட்டும் எண் நொடிக்கு நொடி அதில் வரும். நாளைக் காலை வரை பார்க்க அவளுக்கு அனுமதி உண்டு. அவள் கணவர் டீயைக் கொண்டு வந்து வைத்தார்.

"கிரிக்கெட் ஸ்கோரா?"

"தம்பி வீடு."

"யார் ஜெயிக்கிறா?" என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனார். விவரம் தெரிந்த மனிதர்.

நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்று. நாற்பது. அந்தத் தெரு இவ்வளவு அமைதியான தெருவா? ஆறு வருஷத்தில் எத்தனை தடவை போய் வந்திருக்கிறாள். ஒரு தடவை கூட இதைக் கேட்டதில்லை.

ஆறே முக்காலுக்குக் கோடு லேசாக எழுந்தது. ஐம்பத்தைந்து. இறங்கி, மறுபடி ஐம்பத்தாறு. மெஷின் இல்லை, வண்டி இல்லை. அது என்னவென்று அளவுக்காரிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் ஐம்பத்தைந்து. இன்றைக்கு நர்ஸுக்கு வார விடுப்பு. கொல்லையில் நாற்காலி போட்டு இருவரும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மெஷின் நின்றுவிட்டது. அவள் சொல்கிறாள்.

என்ன சொல்கிறார்கள் என்று எண் காட்டாது. எவ்வளவு சொல்கிறார்கள் என்று மட்டும் காட்டும். ஐம்பத்தைந்து வெகு நேரம் ஓடியது. நடுவில் ஒரு தரம் அறுபத்திரண்டுக்கு ஏறியது. அது தம்பியாக இருக்க வேண்டும். மறுபடி ஐம்பத்து மூன்று. பிறகு எதுவும் இல்லை. நாற்பது. முப்பத்தொன்பது. டீ ஆறி ஆடை படிந்தது.

ஏழு முப்பத்தெட்டுக்குக் கோடு விசுக்கென்று எழுந்து எழுபத்துநாலில் போய் உட்கார்ந்தது.

அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். கணக்கு இன்னும் ஆரம்பிக்கவில்லை. பன்னிரண்டு மணி வரை ஓட்டினால் கூட விதிப்படி தவறில்லை. ஆனால் இவன் பன்னிரண்டோடு நிறுத்துவானா? அழ வேண்டிய நேரத்தில் அழத் தெரியாதவன். அப்பா போன அன்றும் பட்டறையில்தான் கிடந்தான். நாற்பத்திரண்டு வீட்டுச் சுவரும் இப்போது அந்த ஒரு சுவிட்ச்சில் நிற்கிறது. போனை எடுத்தாள், வைத்தாள். மெஷின் ஓடும்போது அவனுக்கு மணி கேட்காது.

நாலு நிமிஷம் ஓடியது. பொத்தென்று விழுந்தது. அது சாப்பாட்டு வேளை இல்லை.

போன் அடித்தது.

"அக்கா."

கொல்லையிலிருந்துதான் பேசினான். அவன் சொன்ன வார்த்தை, ஒரு நொடி தாமதித்துத் திரையில் சின்ன மேடாக எழுந்து அடங்கியது.

"சொல்லுடா."

"மெஷினோட ஃப்யூஸைப் பிடுங்கிட்டேன். நீ வந்து எடுத்துட்டுப் போ. ஏழு நாள் கழிச்சுக் குடு. என் கையில இருந்தா ஓட்டிடுவேன்."

"இதோ கிளம்பிட்டேன்." சாவியைத் தேடி எடுத்தாள். "அவ எங்கடா?"

"உள்ள. அலமாரியைத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்கிறா. நான் செஞ்ச அலமாரிதான்."

"சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?"

கோடு நாற்பதுக்கு இறங்கியது.

"அவ எல்லாத்தையும் சொல்லிட்டா அக்கா. ஆர்டர், குவார்ட்டர்ஸ், ஒண்ணாம் தேதி." மூன்று மேடுகள், ஒன்றை விட ஒன்று சின்னதாக. "உனக்கு மத்தியானமே தெரியுமாமே?"

அலுவலகத்தில் கேட்காமலே நாலு உண்மையைச் சொன்னவள் அவள். இவன் நேராகக் கேட்ட ஒன்றுக்கு வாய் எழவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் அவன் காத்திருந்தான். திரையில் கோடு முப்பத்தெட்டில் நின்றது.